ரெண்டாயிரம் ஜெரோமின் பெண்டாட்டி

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் போய் ஜெரோம் என்று கேட்டால் நாலு ஜெரோமைக் காட்டுவார்கள். ரெண்டாயிரம் ஜெரோம் என்று கேட்டால் ஒருத்தன்தான். ராஜமாணிக்கம் முதலாளியின் கொட்டகையில் மூன்றாவது பிரஸ்ஸில் நிற்பவன். வீட்டு மீட்டர் பெட்டியில் மாட்டுகிறோமே, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியர், அதை ஒரு பகலில் இரண்டாயிரம் அடிக்கிறவன். மற்றவர்கள் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டினாலே அன்றைக்கு வீட்டுக்குப் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவனைப் பற்றிய கதைகள் அவனைவிட வேகமாக ஓடின. ஒரு கையால் பிரஸ்ஸைச் சுற்றிக்கொண்டே மறு கையால் டீ ஆற்றிக் குடிப்பான் என்றார்கள். அவன் அடித்த கேரியரை ஒன்றன்பின் ஒன்றாகப் பாவினால் கோணான்குப்பம் மாதா கோயிலுக்குப் போய், மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, காலில் மண் படாமல் திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் துபாயில் தங்கியிருந்த அறையில் கரண்ட் போனதாம். இருட்டில் கேரியரைப் பிடுங்கியவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது நம்ம ஜெரோம் அடிச்சதாச்சே என்று ஊர் நினைப்பு வந்து அழுதாராம்.

இந்தக் கதைகளில் முக்கால்வாசியைக் கட்டிவிட்டவள் அவன் பெண்டாட்டி உபகாரமேரிதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் செருப்பைத் தேடுகிற நேரத்தில் ஒன்றை அவிழ்த்து விடுவாள். அது வால் முளைத்து, கொம்பு முளைத்து, அடுத்த ஞாயிறு அவளிடமே வந்து சேரும். முதல் தடவை கேட்கிறவள் மாதிரி வாயைப் பிளந்து கேட்டுக்கொள்வாள். புருஷன் பேரை இப்படி ஊதிப் பெரிதாக்குவதில் அவளுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம். கருவாட்டுக் குழம்பில் ஒரு சில்லு மாங்காயைக் கூடுதலாகப் போடுகிற மாதிரி.

அவள் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அது நிஜம்.

கை பிரஸ் என்பது தனி ஆள் ஓட்டுகிற சாமான் இல்லை. உச்சியில் குறுக்காக ஒரு இரும்புக் கை இருக்கும், அதன் இரண்டு நுனியிலும் தேங்காய் பருமனுக்கு இரும்புக் குண்டு. ஆண்பிள்ளை நின்றுகொண்டு அந்தக் கையை வீசிச் சுற்றுவான். திருகு இறங்கி அச்சை அழுத்தும். எதிரே மணைமேல் உட்கார்ந்திருக்கிறவள் அவன் பெண்டாட்டி. அவள் அச்சுக்கு எண்ணெய் தொட வேண்டும், ஈர மண்மாவை அள்ளி நிரப்ப வேண்டும், கையை வெளியே இழுக்க வேண்டும். பிரஸ் இறங்கி ஏறியதும், தோல் உரித்த அவித்த முட்டையைத் தூக்குவதுபோல் கேரியரை நோகாமல் எடுத்து, விளிம்புப் பிசிறை வழித்து, பலகையில் அடுக்கிவிட்டு மறுபடி எண்ணெய் தொட வேண்டும். அவன் ஒரு வேலை செய்வதற்குள் அவள் ஐந்து வேலை செய்திருப்பாள். அவள் கை எவ்வளவு சுருக்காக வெளியே வருகிறதோ அவ்வளவுதான் அவனுடைய வேகம்.

கொட்டகையில் பதினொரு பிரஸ். பதினொரு புருஷன், பதினொரு பெண்டாட்டி. முதலாளியின் நோட்டில் மட்டும் பதினொரு பேர். நூறு கேரியருக்கு ஒன்பது ரூபாய், அது அடிக்கிறவன் பேரில். பேட்டை வந்த நாளிலிருந்து அப்படித்தான். யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. சூளையிலிருந்து இறங்கும் சரக்கில் விரிசல் பார்த்துப் பிரிக்கிற ஆராயி போன்ற தனிக்கட்டைப் பெண்களுக்கு நாள் கூலி நாற்பத்தைந்து. அவர்கள் பேராவது ஒரு பழைய டைரியில் இருந்தது.

"ஏண்டி மேரி, நாப்பத்தஞ்சுனாலும் ஏங்கையில எண்ணிக் குடுக்குறாங்க. ஒனக்கு என்னா குடுக்குறாங்க?" என்று ஆராயி சீண்டுவாள்.

"எனக்கு ஆளையே குடுத்துட்டாங்கக்கா. நீ நாப்பத்தஞ்ச மடியில வச்சிக்கினு தூங்கு" என்பாள் உபகாரமேரி. கொட்டகை சிரிக்கும். ஜெரோம் இன்னும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திப் பிரஸ்ஸைச் சுற்றுவான்.

புருஷன் புகழைத் தவிர அவளுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது, அதில் விளையாட்டே கிடையாது. ஒரே மகள் ஜெனிபர் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு நர்சிங் பள்ளியில் இடம் பார்த்துத் தருவதாகக் கான்வென்ட் சிஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். முதல் வருஷப் பணத்தை ஜூன் இருபதுக்குள் கட்டிவிட வேண்டும். மகள் சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்தால் உபகாரமேரி எழுந்துபோய் வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். கொட்டகைக்குள் ஒரு அடி வைக்க விடமாட்டாள். ஒரு தடவை பிரஸ்ஸைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று எட்டி வைத்தவளின் காலில் துடைப்பக்கட்டையால் ஒன்று போட்டாள். மகளை அவள் அடித்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆவணி மாதம், டீ நேரத்தில், இளமதி என்கிற பெண் கொட்டகைக்கு வந்தாள். பாண்டிச்சேரியில் பொருளாதார ஆராய்ச்சி படிக்கிறவள். ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் என்னென்ன வேலை செய்கிறார்கள், யாருக்கு என்ன கூலி, அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவள் படிப்பாம். "இத்தக் கண்டுபிடிக்கப் படிக்கணுமா?" என்றாள் ஆராயி. இளமதி சிரித்துக்கொண்டே அச்சடித்த தாள் கற்றையைப் பிரித்தாள். முதலாளியும் நல்ல மனுஷர்தான். நாற்காலி போட்டு, நோட்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

உபகாரமேரியின் முறை வந்தது. முழங்கை வரை வெள்ளை மண் அப்பியிருந்தது. மணையில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்.

"அக்கா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"நானா? நான் வேலைக்கெல்லாம் போறதில்லம்மா. வூட்லதான் இருக்குறேன். சும்மா அவருக்கு ஒத்தாசைக்கு வருவேன்."

"தினமுமா?"

"தெனமுந்தான்."

"எத்தனை மணி நேரம் இருப்பீங்க?"

"அவரு இருக்குற வரைக்கும் இருப்பேன். சோறு போடணுமில்ல."

இளமதியின் பேனா அப்படியே நின்றது. அந்தக் கைகளைப் பார்த்தாள், பலகையில் வரிசை வரிசையாக நின்ற கேரியர்களைப் பார்த்தாள். "நீங்களும் சேர்ந்துதானே செய்றீங்க? அப்படி எழுதிக்கவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பக்கத்தில் ஜெரோம் டீ கிளாஸோடு நின்றான். அவனுக்குப் பின்னால் பத்து ஆண்கள் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் புருஷனின் இரண்டாயிரத்தை வெட்டி ஆயிரமாக்க உபகாரமேரிக்கு வாய் வரவில்லை. "ஐய, அதெல்லாம் எழுதாதம்மா. நான் என்னா, கையில எடுத்துக் குடுக்குறேன். அடிக்கிறது அவருதான்" என்றாள். மற்றப் பத்துப் பெண்டாட்டிகளும் செபமாலைக்குப் பதில் சொல்கிற மாதிரி அதையே வரிசையாகச் சொன்னார்கள். சொன்னதை எழுதுவதுதான் ஆராய்ச்சியின் ஒழுங்கு. இளமதி எழுதிக்கொண்டு போனாள்.

நவம்பர் பதினேழாம் தேதி கோயம்புத்தூரிலிருந்து ஒரு வியாபாரி சரக்குப் பார்க்க வந்தார். ஜெரோமின் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது பிரஸ்ஸின் முன்னால் வந்து நின்றார். "ஜெரோமு, சாருக்குக் கொஞ்சம் காட்டு" என்றார் முதலாளி.

ஜெரோம் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். பதினெட்டு வருஷமாக அவன் கண் அவள் கையைப் பார்த்துத்தான் இரும்பை வீசும். அவள் கை வெளியே வருவதுதான் அவனுக்குத் தாளம். அன்றைக்கு அவன் கண் கடிகாரத்தின்மேல் போயிற்று. நிமிஷத்துக்கு ஐந்து, ஆறு என்று வியாபாரி எண்ண, மற்றப் பிரஸ்களெல்லாம் நின்று வேடிக்கை பார்க்க, அவன் ஏழுக்குப் போனான். ஒரு கேரியர் அச்சில் ஒட்டிக்கொண்டது. ஒட்டினால் இரண்டாம் தரம் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அவள் விட்டாள். அவன் வீசிவிட்டான்.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

விருத்தாசலம் பெரிய கோயிலில் எல்லாமே ஐந்தைந்து என்று பெருமை சொல்வார்கள். ஐந்து கோபுரம், ஐந்து தேர், ஐந்து பிராகாரம். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று உபகாரமேரி கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஊரு கணக்குக்கு ரெண்டு கொறையுதே சிஸ்டர்" என்றாள். கட்டுப் பிரித்த நர்ஸ் சிரிக்கவில்லை. ஜெரோம் வராந்தாவுக்குப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வாங்கி வந்தார். அடிபட்ட அன்று, எப்படி ஆயிற்று என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொள்ளக் கேட்டபோது அவர்தான் பதில் சொன்னார். "சோறு எடுத்தாந்த பொம்பள. தெரியாம மிஷின்ல கைய வச்சிடுச்சி." ஜெரோம் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினான். கட்டிலில் படுத்திருந்த உபகாரமேரிக்கு அது காதில் விழுந்தது. மயக்க மருந்தின் பிடியில் இருந்ததால் அது நிஜமாக விழுந்ததா என்று பிறகு பல நாள் யோசித்தாள்.

ஜெரோம் வேலைக்குத் திரும்பினான். எண்ணெய் தொட்டு, மாவு நிரப்பி, சுற்றி வந்து பிரஸ்ஸை வீசி, மறுபடி சுற்றி வந்து எடுத்து, பிசிறு வழித்து, எல்லாம் தானே செய்தான். இருட்டுகிறவரை நின்றாலும் எண்ணூற்றைம்பதைத் தாண்டவில்லை. வேறொரு பெண்ணை எதிரே உட்காரவைக்கலாம் என்றால், பெண்டாட்டி அல்லாதவள் கூலி கேட்பாள். நூறு கேரியருக்குக் கொடுக்கிற ஒன்பது ரூபாயில் அதற்கு இடமில்லை.

பேட்டை உடனே புதுக் கதை கட்டியது. பொண்டாட்டி கையப் பாத்து மனசு ஒடஞ்சிட்டான் பாவம் என்றது. கோயம்புத்தூர்க்காரன் கண்ணு, கல்லையே பொளக்குற கண்ணு, அதான் ஜெரோம் கை விழுந்துருச்சி என்றது. கோயில் வாசலில் இதை அவளிடமே வந்து சொன்னார்கள். அவன் கை விழுந்துவிட்டதாம். உபகாரமேரி தன் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கதைக்கு வால் சேர்க்காமல் வீட்டுக்கு வந்தாள்.

மார்ச்சில் பரீட்சை முடிந்தது. ஏப்ரலில் முதலாளி ஜெரோமைக் கூப்பிட்டு, "ஒம் பொண்ணு வூட்ல சும்மாதான இருக்குது? வந்து ஒக்காரச் சொல்லேன். ரெண்டாயிரத்துக்கு வந்துரலாம்ல?" என்று கேட்டார். அவருக்கு மழைக்காலத்துக்கு முன்னால் பெரிய ஆர்டர் ஒன்று முடிய வேண்டியிருந்தது. ஜெரோம் வீட்டுக்கு வந்து, பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அது நர்ஸுக்குப் போவுது" என்றாள் உபகாரமேரி.

"போவட்டும். அதுவரைக்கும்தான்."

"அதுவரைக்கும்னுதான் நானும் ஒக்காந்தேன். கல்யாணமாயி மறுவாரம்."

எழுபத்தாறு ரூபாயில் மூன்று பேர் எப்படிச் சாப்பிடுவது என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மே மாதம் இளமதி மறுபடி வந்தாள். ஆராய்ச்சிக்கு இரண்டாம் சுற்று. கொட்டகையில் முதலாளியின் நோட்டைப் பிரதி எடுத்துக்கொண்டவள், நேராக உபகாரமேரியின் வீட்டைத் தேடி வந்து, கையிலிருந்த தாளை விரித்தாள்.

"அக்கா, ஒண்ணு புரியல. நவம்பர் பதினாறு வரைக்கும் அண்ணன் பேர்ல தினம் ரெண்டாயிரம். இருபத்தி நாலுலேர்ந்து எண்ணூத்தம்பது. மத்த பத்துப் பேர் கணக்குல எந்த மாத்தமும் இல்ல. அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லாம போச்சா?"

உபகாரமேரி முந்தானையிலிருந்து வலது கையை எடுத்துத் தாளின்மேல் வைத்தாள். சரியாக அந்த எண்ணூற்றைம்பதின்மேல்.

இளமதி இரண்டு வருஷம் தேடியது அங்கே, மூன்று விரலோடு, தாளின்மேல் கிடந்தது. ஒரு பெண்ணின் கை நின்றதும் ஆணின் உற்பத்தி பாதிக்கும் கீழே போயிருக்கிறது. இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் அவளுக்குச் சொல்லியிருக்காது. அதற்குச் சந்தோஷப்பட்ட தன் மனசை எண்ணி அவளுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பிறகு சொன்னாள். வேலை செய்யும் இடத்தில் விரல் போனால் சட்டப்படி நஷ்டஈடு உண்டு. நர்சிங் படிப்புக்கு மூன்று வருஷத்துக்கும் காணும். ஆனால் வேலை செய்தவள் என்று காட்ட வேண்டும்.

"ஒங்கிட்ட தாள் இருக்குதில்ல? போன ஆவணில எழுதினியே, எம்பேரு, வயசு எல்லாம்" என்றாள் உபகாரமேரி.

இளமதி பையிலிருந்து அதைத் தேடி எடுத்தாள். ஊர் உலகத்தில் அந்தக் கொட்டகையையும் உபகாரமேரியின் பேரையும் சேர்த்து எழுதியிருந்த ஒரே காகிதம் அது. வேலை என்ற இடத்தில் 'இல்லை' என்றிருந்தது. வருமானம் என்ற இடத்திலும் 'இல்லை'.

"நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்கேங்க்கா."

"ஆமா. நாந்தான் சொன்னேன்." தாளை இளமதி பக்கம் தள்ளி, "அழிச்சி எழுதும்மா" என்றாள்.

"அழிக்கக் கூடாதுக்கா. அழிச்சேன்னு தெரிஞ்சா, அப்பறம் இதுல இருக்குற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"அழிக்காம இருந்தா பொய்ய நம்புவாங்க. அப்பிடியா?"

இளமதி தாளை மடித்துவிட்டு, "முதலாளி நோட்டுக் கணக்கு நமக்கு சாட்சிதான். ஆனா அத என்னான்னு வாயால சொல்ல ஒரு ஆள் வேணும். அண்ணன் சொன்னா போதும். ரெண்டு பேரும் சேந்துதான் அடிச்சோம்னு ஒரே ஒரு வார்த்த" என்றாள்.

அன்று சாயங்காலம் ஜெரோமிடம் உபகாரமேரி கேட்டாள். அவன் "சரி" என்றான். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அவள் நம்பினாள்.

மறுநாள் காலை முதலாளியின் அறையில் நாலு பேரும் கூடினார்கள். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே பிரஸ்கள் ஒவ்வொன்றாக நிற்கும் சத்தம் உள்ளே கேட்டது. பத்து ஆண்களும் மாவுக் கையோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள், அவர்கள் பெண்டாட்டிகள் மணையிலிருந்து எழாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராஜமாணிக்கம் கோபப்படவில்லை. இளமதியின் கணக்குத் தாளை வாங்கிப் படித்தார். "இந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு, அது சொல்றத நான் தப்புங்கல. ஆனா மேரி வேலைக்காரின்னா, தோ வெளிய ஒக்காந்திருக்குதே பத்து, அதுங்களும் வேலைக்காரிங்கதான். இருவத்திரெண்டு பேருக்கு நான் எங்கேர்ந்து குடுப்பேன்? பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான். இருக்கட்டும். ஜெரோமு, நீ சொல்லு. நீ சொல்றதுதான் முடிவு. இந்த ரெண்டாயிரம் நீ அடிச்சதா, இல்ல ஆயிரந்தான் ஒன்னுதா?"

ஜெரோம் வாயைத் திறந்தான். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அங்கே பத்து முகம் இருந்தது. அவனுக்கு நிலமில்லை, சொந்த வீடில்லை, நாலாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. மனுஷன் என்று ஊரில் நாலு பேர் அவனைத் திரும்பிப் பார்த்தது ஒரு எண்ணுக்காக. அந்த எண்ணைத்தான் இப்போது அவன் வாயாலேயே உடைக்கச் சொல்கிறார்கள். உபகாரமேரி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ சும்மா ஒத்தாசைக்கு வருவா மொதலாளி" என்றான் ஜெரோம்.

வெளியே ஒரு பிரஸ் சுற்ற ஆரம்பித்தது. பிறகு இன்னொன்று.

இளமதி ஏதோ சொல்ல வந்தாள். உபகாரமேரி அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள். "வுடும்மா. நான் சொன்ன கததான் அது. அவரு நல்லா மனப்பாடம் பண்ணிக்கினாரு."

வீட்டுக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது. இருவரும் வெயிலில் நின்றார்கள். "எனக்கு வேற என்னா இருக்குது மேரி, அத வுட்டா?" என்றான் ஜெரோம், வண்டிச் சத்தத்துக்கு மேலாக. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"எனக்கு என்னா இருந்துச்சின்னு நீ கேக்கலியே" என்றாள் அவள். கல்யாணமாகி அவனை ஒருமையில் பேசியது அன்றுதான். பெட்டிகளை எண்ணுகிறவள்போல் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கான்வென்ட் சிஸ்டர் ஜூன் இருபதோடு விடவில்லை. இருபத்தைந்து வரை பொறுத்தார். அதன்பிறகு அந்த இடம் திட்டக்குடியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போயிற்று. நல்ல பெண்ணாம், அவளுக்கு அப்பா இல்லையாம். ஜெனிபர் அழவில்லை. "நான் பிரஸ்ஸுக்குப் போறம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வருஷம் என்பது எவ்வளவு தூரம் என்று உபகாரமேரிக்குத் தெரியும். ஜெரோம் அடித்த கேரியரை எல்லாம் பாவினாலும் எட்டாது.

ஜூலை இரண்டாம் தேதி மகளைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். மகளை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, தான் மட்டும் உள்ளே போய் முதலாளியின் மேசை முன்னால் நின்றாள்.

"எம் பொண்ண ஒக்கார வைக்கிறேங்க. ஆனா அது பேர நோட்டுல எழுதணும். தனி வரியில."

"அது எப்பிடிம்மா? வழக்கம் அப்பிடி இல்லியே."

"அப்ப நாங்க கௌம்புறோம். ஒங்க ஆர்டர எண்ணூத்தம்பதா அடிக்கச் சொல்லுங்க. தீவாளி வரும், போவும்."

ராஜமாணிக்கம் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். வெளியே வாசலில் நின்ற பெண்ணையும் பார்த்தார். பிறகு காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். நல்ல மூளைக்காரர். அடிக்கிற இரண்டாயிரத்தில் ஆயிரம் ஜெரோம் பேரில், ஆயிரம் ஜெனிபர் பேரில். ஆண்பிள்ளைக்கு நூறுக்குப் பன்னிரண்டு. பெண்பிள்ளைக்கு நூறுக்கு ஆறு. அவனுக்கு நூற்றிருபது, அவளுக்கு அறுபது. கூட்டினால் பழைய நூற்றெண்பதேதான், ஒரு பைசா அவருக்குக் கூடவில்லை. ஒரே அச்சில், ஒரே மாவில், ஒரே அழுத்தில் பிறந்து பலகையில் தோளோடு தோள் நிற்கிற கேரியரில் எது பன்னிரண்டு ரூபாய்ச் சாதி, எது ஆறு ரூபாய்ச் சாதி என்று கேட்டால் சூளைக்கும் தெரியாது.

"பாதியா?" என்றாள் உபகாரமேரி.

"பேரு எழுதுறேன்ல?" என்றார் முதலாளி.

"எழுதுங்க" என்றாள். மூன்றாவது பிரஸ்ஸின் கீழே, ஜெரோம் என்ற வரிக்கு அடுத்த வரியில், ஜெனிபர் என்று அவர் எழுதி முடிக்கிறவரை இருந்து பார்த்தாள். ஜெனிபருக்கு எதிரே வேலை என்ற பத்தியில் 'பிரஸ்' என்று போடச் சொன்னாள். 'ஒத்தாசை' என்று போட்டால் மகள் உட்கார மாட்டாள் என்றாள்.

அன்று சாயங்காலம் முதலாளி வரிசையாகக் கணக்கு வாசித்தார். "ஜெரோம், ஆயிரம்." கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு அவனை யாரும் ரெண்டாயிரம் ஜெரோம் என்று கூப்பிட்டதாகத் தெரியவில்லை. ஆயிரம் ஜெரோம் என்றும் கூப்பிடவில்லை. பேட்டையில் நாலாவது ஜெரோமாகக்கூட அவனைச் சேர்க்காமல், வெறும் ஆளாக விட்டுவிட்டார்கள். அடுத்த மணையிலிருந்த ஒருத்தி மட்டும், ஜெனிபர் எழுந்துபோகும்போது ரகசியமாக, "பாப்பா, ஒம் பேரு எந்தப் பக்கத்துல இருக்குது, காட்டேன்" என்று கேட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் இளமதி தன் ஆராய்ச்சியின் சுருக்கத்தைத் தமிழில் எழுதிப் பிரதி எடுத்து அனுப்பியிருந்தாள். முதலாளியின் நோட்டுப்படி, பிரஸ் பிரிவில் பெண் தொழிலாளர் என்ற இடத்தில் 'ஒன்று' என்று இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில், இந்த எண்ணிக்கை சரியல்ல என்று எழுதியவள் கருதுகிறாள் என்று ஒரு வரி. ஜெனிபர் அதை வாசித்துக் காட்டினாள். "நல்ல பொண்ணு" என்றாள் உபகாரமேரி.

இப்போது அவள் வீட்டிலேயே இருக்கிறாள். இடது கையால் சமைக்கப் பழகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பெண்கள் ஏதாவது சொல்லு மேரி என்பார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் ஜெனிபர் முந்நூற்று அறுபது ரூபாயைக் கொண்டுவந்து நீட்டும்போது பணத்தை அவள் வாங்குவதில்லை. "மொதல்ல கையக் காட்டு" என்பாள். மண் காய்ந்து வெளிறிய அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவாள். பத்து வந்த பிறகும் விடமாட்டாள். "எல்லாம் இருக்குதும்மா" என்று ஜெனிபர் சொல்வாள். "இரு" என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள்.